ராஜாவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்த குழல்வாய்மொழி

குளிக்கும்போது மட்டும் வித்வான் ஆகுற மகான்களா, கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க ஆளு ஒருத்தர் கதைதான் சொல்லப்போறேன். ஒரே வித்தியாசம், நீங்க பாடினா பக்கத்து வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். அவர் பாடினா ஊரே கை தட்டணும். ஏன்னா அவரு ராஜா.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி மருதூர்ச் சீமையை ஆண்டவர், பேரு சிங்கமுத்து ராஜா. நெனச்சா யானையைப் பரிசாக் கொடுப்பாரு, மறுநாள் நெனச்சா திருப்பிக் கேப்பாரு. தினமும் சபையில பாடுவாரு. அரண்மனை வித்வான் பஞ்சாபகேசன் கண்ணை மூடித் தொடையில தாளம் போட்டு, "ஆகா! ஏழு சுரமும் மகாராஜா தொண்டையில குடியிருக்கு!"ன்னு உருகுவாரு.

அதே ஊர்ல குழல்வாய்மொழின்னு ஒரு பாடகி. கோயில் கோயிலாப் பாடிப் பேர் வாங்கினவ. இப்ப குளத்தங்கரை மண்டபத்துல பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்குறா. பஞ்சாபகேசன்கிட்ட படிச்ச பிள்ளைங்க ஒவ்வொண்ணா நழுவி அங்க போய்ச் சேந்துடுச்சு. மனுஷனுக்கு வயிறு பத்திக்கிச்சு.

"மகாராஜா, யாருக்கு வேணாலும் பாட்டு வரவைப்பேன்னு அவ பீத்திக்கிறா. விஜயதசமிக்குப் பக்கத்து நாட்டு ராஜா வர்றாரே, அவர் முன்னாடி நீங்க கச்சேரியில உக்காருங்க. அவ தயார் பண்ணட்டும். சபை சொக்கலேன்னா தப்பு அவ மேல. மண்டபத்தை யானை கட்டுற கொட்டாரமா மாத்திடலாம்."

"பலே!"ன்னாரு ராஜா.

மொத நாள் ராஜா நாலு பாட்டு பாடிக் காட்டினாரு. குழல்வாய்மொழிக்கு மண்டபம் கண் முன்னாடி யானைச் சாணியா மாறிடுச்சு. நாலு பாட்டும் ஒரே சுரம்! மேலயும் போகல, கீழயும் வரல.

ஆனா அவளுக்கு ஒண்ணு உறுத்திச்சு. "மகாராஜா, சாப்பிட்டுட்டு வந்து பாடுங்க." அதே சுரம். "ஓடிட்டு வந்து பாடுங்க." அதே சுரம். வேணும்னே, "தொண்டை கரகரங்குதே"ன்னா. ராஜா கோவத்துல கத்தினாரு. கத்தினதும் அதே சுரம்! தம்பூராக் கம்பியே வெயில்ல சுருதி இறங்கிடும். இந்தாளு இறங்கவே மாட்டேங்குறாரே! அவளுக்கு ஆச்சரியம் தாங்கல.

"மகாராஜா, இனிமே 'சா' மட்டும் பாடுங்க. பிசகாம, நீட்டி."

ஒட்டுக் கேட்ட பஞ்சாபகேசனுக்கு ஒரே குஷி. "இன்னும் 'சா'வுலயே நிக்கிறாங்களா? கொட்டாரத்துக்கு வைக்கோல் இறக்குங்கடா!"

விஜயதசமி வந்துச்சு. மேடையில குழல்வாய்மொழி முன்னாடி உக்காந்தா. தம்பூரா இருக்க வேண்டிய இடத்துல, அவளுக்குப் பின்னாடி, ஒரு பட்டு மெத்தை.

ராஜா மீசை துடிச்சுது. "என்னது, எனக்குப் பின்வரிசையா?"

"தம்பூராவைப் பின்னாடிதான் வைப்போம் மகாராஜா. அது ஆரம்பிக்காம நான் வாயே தெறக்க முடியாது. அது நகர்ந்தா என் பாட்டு மொத்தமும் கவுந்துடும். இன்னிக்கு என் மானம் உங்க கையில."

ராஜா யோசிச்சாரு. சட்டுனு உக்காந்து "சா..."ன்னு இழுத்தாரு. அது மேல குழல்வாய்மொழி கல்யாணி ராகத்தை ஏத்தினா. அவர் மூச்சு எடுக்குற இடம் பாத்து இவளும் எடுத்தா. அவ எங்கெங்கயோ பறந்துட்டு வந்தா, ராஜா நட்டு வச்ச தூண் மாதிரி அங்கயே நின்னாரு.

பக்கத்து நாட்டு ராஜா மேடைக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. "தம்பூராவை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சபை எழுந்து நின்னு கை தட்டுச்சு. பஞ்சாபகேசனுக்குப் பொறுக்கல, குதிச்சு எழுந்தாரு. "மோசடி! இது பாட்டா? மகாராஜா ஒரே ஒரு சுரம்தானே பிடிச்சாரு! அவருக்கு வேற சுரம் எப்ப வந்திருக்கு?"



"வித்வானே, நேத்துவரைக்கும் ஏழு சுரமும் குடியிருந்துச்சே. ராத்திரியோட ராத்திரியா ஆறும் காலி பண்ணிட்டுப் போயிடுச்சோ?"ன்னாரு ராஜா.

பஞ்சாபகேசன் நைசா நழுவப் பாத்தாரு. ராஜா விடல.

"நாளையில இருந்து குளத்தங்கரை மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்து சா பாடுங்க. மண்டபம் குழல்வாய்மொழிக்கே சாசனம்!"

குழல்வாய்மொழி கும்பிட்டுட்டு மெல்லக் கேட்டா. "மகாராஜா கோவிச்சுக்கலேன்னா... ஒரே சுரம்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ராஜா குரலைத் தாழ்த்தினாரு. "ஆரம்பத்துல இருந்தே தெரியும்மா. எல்லாரும் தலையாட்டுறதைப் பாக்க நல்லா இருந்துச்சு. அதான் நிறுத்தல."