கோவைக்கொடியின் கை சுருண்ட கதை

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கோவைக்கொடியின் கைகள் சுருண்டிருக்கவில்லை. ஏறுவதற்காகக் கொடி நீட்டுமே மெல்லிசான பச்சைக் கைகள், அவை அப்போது ஈர்க்குச்சி மாதிரி நேராக இருந்தன. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், பட்டென்று அறும். உடனே கோவை மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைக்கும்.

அந்த மலையில்தான் வீரி இருந்தாள். அவள் புருஷன் கருத்தன் பாறைத்தேன் எடுப்பதில் சூரன். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பாறைப் பக்கமே போகக் கூடாது என்று ஊர் தடுத்துவிட்டது. உச்சியில் நின்று கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உடன்பிறந்தவள் தாலி அறுக்க அவன் விடமாட்டான் அல்லவா? வீரிக்கோ அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

அது மழை பொய்த்த வருஷம். தோண்டினால் கிழங்குகூட அகப்படவில்லை. வீட்டில் குழந்தை பசியில் அழுது அழுது, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வீரி எழுந்தாள்.

"கயித்த நான் பிடிக்கிறேன். கிளம்பு மாமா."

"ஊரு என்ன சொல்லும் புள்ளே?"

"என்ன வேணா சொல்லட்டும். தாலி அறுக்கப்போறவ நான்தானே? என்னைவிடப் பத்திரமா எவன் பிடிச்சிடுவான்?"

கருத்தன் எழுந்தான். கூடையைத் தூக்கிக்கொண்டான்.

பிடிப்பது என்று முடிவெடுத்தவள் ஏனோதானோவென்று செய்வாளா? ஆண்பிள்ளைகள் கயிற்றைக் குப்பையாகக் குவித்து வைப்பார்கள். வீரி அப்படி இல்லை. நாரில் திரித்த நீளக் கயிற்றை முழங்கையில் போட்டு, சுற்று மேல் சுற்றாக, எல்லாம் ஒரே பக்கமாக, கண் படுகிற அழகில் சுற்றி வைத்தாள். வினை அங்கேதான் பிடித்தது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றுக்குள் ஒரு முறுக்கு ஏறிக்கொண்டே போனது.

பாறை உச்சியில் ஒரு வேங்கை மரம். வீரி கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கருத்தன் இறங்கிப் பாதிப் பாறையில் தொங்கியபடி தேனடையை அறுத்துக் கூடையில் போட்டான். தேனீக்கள் கலைந்தன.

"கீழ விடு புள்ளே! சீக்கிரம் விடு!"

வீரி விட்டாள். கயிறு போகவில்லை. ஏறியிருந்த முறுக்கெல்லாம் ஒன்றுசேர்ந்து, கயிறு தன்மேல் தானே புரண்டு, கொத்தாகச் சிக்கி மரத்தில் மாட்டிக்கொண்டது. சிக்கைப் பிரித்தால் கயிறு ஒரேயடியாக ஓடிவிடும், கருத்தன் பாதாளத்தில் விழுவான். பிரிக்காவிட்டால் தேனீ அவனைக் கொட்டியே கொன்றுவிடும். கயிற்றைப் பிடிக்கவும் வேண்டும், சிக்கைப் பிரிக்கவும் வேண்டும்.

வேங்கையின் அடியில் கோவை படர்ந்திருந்தது.

"கோவை, கயித்தப் பிடிச்சுக்கோ!"

"நானா? ஐயோ தாயி, என் கை காத்துக்கே தாங்காதே!"

"அறுந்தா இன்னொரு கையால பிடி. அதுவும் அறுந்தா அடுத்ததால பிடி. ஒப்பாரியை அப்புறம் வெச்சுக்கலாம்!"

கோவைக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்த கை அத்தனையையும் நீட்டிக் கயிற்றைப் பற்றியது. பட், பட்டென்று எத்தனையோ கைகள் அறுந்தன. கோவை விடவில்லை. வீரி குனிந்து சிக்கைப் பிரித்தாள். அடைந்திருந்த முறுக்கு சும்மா போகுமா? கயிறு கிறுகிறுவென்று சுழன்று, பிடித்திருந்த கைகளையும் சேர்த்து முறுக்கியது. அந்தக் கைகளின் ஒரு முனை கயிற்றில், மறுமுனை கொடியில். இரண்டையும் விட மனசில்லாமல் ஒவ்வொரு கையும் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் சுருண்டுகொண்டது. என்ன ஆச்சரியம், அறுவது நின்றுவிட்டது! பாரம் இழுத்தால் கைகள் நீண்டன, தளர்ந்தால் சுருங்கின.

வீரி அதைக் கவனித்தாள். பாதி இப்படி, பாதி அப்படி. இந்தப் பக்கத்து முறுக்கை அந்தப் பக்கத்து முறுக்கு தின்றுவிட்டது.

"அடி மக்கு! எல்லாத்தையும் ஒரே பக்கமா சுத்தினியே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மிச்சக் கயிற்றை உதறி, தரையில் வலப்பக்கம் ஒரு வளையம், இடப்பக்கம் ஒரு வளையம் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். அதற்குள் தேனீக்கள் மேலேறி வந்து அவள் முகத்தைக் கொட்டின. ஒரு கண் வீங்கி மூடியே போய்விட்டது. அவள் கை மட்டும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் போட்டு முடித்து, மரத்தில் சுற்றியிருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இனி விடு கோவை" என்றாள். கயிறு சிக்காமல் கொள்ளாமல் அவள் கை வழியே இறங்கியது.

"கால் தரையில பட்டுடுச்சு புள்ளே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் வீரி அழுதாள். அப்படி ஓர் அழுகை, கோவையே பயந்துபோனது.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. கூடை நிறையத் தேனைப் பங்குபோட்டு நக்கிய பிறகு என்னத்தைச் சொல்வது?

அந்த நாள் தொட்டுத்தான் மலைக்காரர்கள் கயிற்றை வலமும் இடமுமாக மாற்றிப் போட்டு வைக்கிறார்கள். கயிறு பிடிக்கப் பெண்டாட்டி வந்து நின்றால் யாரும் வாய் திறப்பதில்லை. கோவையும் அன்று சுருட்டிய கையை இன்னும் நிமிர்த்தவில்லை. நம்பாதவர்கள் வேலியோரம் போய் ஒரு கையை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீளும், பிடித்ததை விடாது.