நகல் வருவதற்குள்

"நல்லது செய்யப் போறவனை எதுக்கும்மா தடுக்கணும்?"

செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார் அரவாழி. மாவட்ட ஆட்சியர். கோபம் வந்தால் அவருக்கு வணக்கம் சொல்வதுகூட மறந்துபோகும்.

அமிர்தவல்லி அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரவாழியைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் அரவாழிக்கு அவர்தான் குரு. ஏரி ஓரமாக ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு அடுப்பு, பசித்து வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. ஆசிரமம் என்று பேர்தான் பெரிது.

"யார் தடுத்தது?"

"ஹைகோர்ட். ஏரிக்குள்ள கட்டின வீடுகளை இன்னைக்கு இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தேன். காலையில தடை கொடுத்துட்டாங்க."

"ஏன் இடிக்கணும்?"

அரவாழியின் குரல் இறங்கியது.

"போன மழையில ஏரித் தண்ணி ஊருக்குள்ள பூந்துச்சு. ஒரு குழந்தையை நான்தான் சேத்துலேர்ந்து தூக்கினேன். உயிர் இல்ல. இந்த மழைக்கும் அப்படி ஆச்சுன்னா, நீதிபதியா வந்து தூக்கப் போறார்?"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் குழந்தையை நினைத்துவிட்டால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது.

"நீதிபதி என்ன சொன்னாராம்?"

"குடியிருக்கிறவங்க சொல்றதைக் கேட்டுட்டு அப்புறமா முடிவு பண்ணணுமாம். கேட்டா என்ன சொல்லப் போறாங்க? இடிக்காதீங்கன்னுதான் சொல்வாங்க."

அம்மா அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

"ஒரு வழி இருக்கும்மா." அரவாழி சற்று நெருங்கி உட்கார்ந்தார். "தடை விஷயத்தை அரசு வக்கீல் போன்லதான் சொன்னார். உத்தரவு நகல் என் கைக்கு வர சாயங்காலம் ஆகும். அது வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருந்துடலாம். ஜேசிபி எல்லாம் கரையில தயாரா நிக்குது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அம்மா எழுந்தார். "வாங்க" என்று பின்பக்கமாக நடந்தார்.

வேலியையும் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரமாக நின்றது ஏரியின் எல்லைக் கல். போன வாரம்தான் சர்வேக்காரர்கள் நட்டுச் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அப்போ இந்தக் கொட்டகையும் ஏரிக்குள்ளதான் இருக்கு."

அரவாழி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும்மா. இதை மட்டும் விட்டுடச் சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

மாவட்டத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

அம்மா உள்ளே போனார். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கிவந்து வேப்பமர நிழலில் வைத்தார். அப்புறம் பாய். அப்புறம் சாமி விளக்கு.

"என்னம்மா பண்றீங்க?"

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கணுமே. இங்கேர்ந்தே ஆரம்பிங்க."

"விளையாடாதீங்கம்மா."

அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. அரவாழி ஓடிப்போய்த் தட்டுகளைப் பறித்துக்கொண்டார்.

"உங்களைக் கேக்காம எப்படிம்மா இடிப்பேன்? நீங்க எங்க போவீங்க? இந்த அடுப்பை நம்பி வர்றவங்க எங்க போவாங்க? அதுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணாம, திடுதிப்புனு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா தட்டுகளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அரவாழி கொடுக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. கரையிலிருந்து தாசில்தார்.

"சார், டிரைவருங்க எல்லாம் ஏறி உக்காந்தாச்சு. ஆரம்பிச்சிடலாமா?"

"வேண்டாம். எல்லாரையும் அனுப்பிடுங்க. நாளைக்குக் காலையில நான் வீடு வீடா வர்றேன்."

"ஏன் சார், கோர்ட் நகல் வந்துடுச்சா?"

"இன்னும் வரல" என்றார் அரவாழி. "காதுல விழுந்துடுச்சு."