மிக்கேலம்மாள் முகத்துக்கு என்ன விலை?

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு பெண், பழுதான பழைய படங்களைச் சீராக்கித் தரும் கடை நடத்திவந்தாள். ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரே அறை. கம்ப்யூட்டர், ஸ்கேனர், வந்தவர் உட்கார ஒரு நாற்காலி. வேலை அவளுக்கு நன்றாக வரும். விலை சொல்லத்தான் நாக்கு எழாது. அப்படி ஒருமுறை அவள் சொன்ன விலையால் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பார் ஒருநாள் செய்தித்தாளில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தையல் வகுப்பு முடித்த பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கும் படம். ஈரம் குடித்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போனதை அவர் உரித்திருக்கிறார். ஒருத்தியின் முகம் மட்டும் கண்ணாடியோடு போய்விட்டது. அவள்தான் அவருடைய அம்மா மிக்கேலம்மாள். அவள் இருக்கும் படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை.

"மக கல்யாணத்துக்கு அம்மா படத்தை மாட்டணும், தங்கச்சி. எனக்குப் பத்து வயசுல போனவ. மொகத்தைப் பாத்தா நான் சொல்லிருவேன்" என்றார் கஸ்பார்.

கறையும் கிழிசலும் எடுக்க ஜெசிந்தா நானூறு ரூபாய் வாங்குவாள். முகமே போன இடத்தில் முகம் கொண்டுவருவது வேறு வேலை. தயங்கித் தயங்கி நாலாயிரம் என்றாள். சொன்னதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. "எத்தனை நாளானாலும் இதே வெலதான் அண்ணாச்சி. உங்கம்மா மொகம் வரலைன்னா ஒரு ரூபா வேண்டாம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். கஸ்பார் சம்மதித்துப் போனார்.

முகச்சாயலுக்காகக் கஸ்பாரின் படத்தையும் அவர் மகளின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். இரண்டு வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. கடைசியில் வந்த முகம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த வீட்டு அம்மாவாகவும் இருக்கலாம். கஸ்பாரிடம் என்ன சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்த வேளையில், கருவாட்டு வியாபாரம் செய்யும் லூர்தம்மாள் மாடியேறி வந்தாள். மடிப்பு விழுந்த படம் ஒன்றை மேசையில் வைத்தாள். அதே தையல் வகுப்பு, அதே இரண்டு வரிசை. கஸ்பார் படத்தில் முகம் போயிருந்த அதே இடத்தில், லூர்தம்மாளின் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு புருவத்தைத் தூக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிக்கேலம்மாள் நின்றாள்.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடிப்பு எடுக்க நானூறு என்று பேசி முடித்துவிட்டு, "இதுல ஒரு மொகம் இன்னொருத்தருக்கு வேண்டியிருக்கு. எடுத்துக்கிடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோ. எனக்கு என்ன கொறைஞ்சிரப் போவுது?" என்றாள் லூர்தம்மாள்.

அந்த முகத்துக்கு நாலாயிரம் பேசியிருப்பதை ஜெசிந்தா சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இருந்த சந்தோஷத்தில் அது வாயில் வரவில்லை. அந்த முகத்தைக் கஸ்பார் படத்தில் பொருத்தும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கஸ்பார் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அம்மாவேதான். என்னைத் திட்ட வாரப்போ இப்படித்தான் புருவம் தூக்குவா" என்றார். எப்படி வந்தது என்று கேட்டார். ஜெசிந்தா இருவர் முன்னாலும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கஸ்பார் யோசித்தார். "வரையறதுக்குத்தானே நாலாயிரம் சொன்ன? இது அரை மணி நேர வேலைல்லா. ஆயிரம் வாங்கிக்கோ, தங்கச்சி."

"ஒரு மாசம் இழுத்திருந்தா எட்டாயிரம் தந்திருப்பியளா அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா. அவள் வரைந்து தூக்கிப்போட்ட முகத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை.

லூர்தம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் என் வீட்டுப் பொருளுக்கு வெல பேசுதிய. நாலாயிரம்னு ஏன் என்ட்ட சொல்லல? பாதி எனக்கு வரணும்."

ஒருவர் குரலும் உயரவில்லை. மூவருமே தத்தம் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நம்பினார்கள்.

கேட்டவர்களே, இந்த மூவரில் யார் கேட்டது நியாயம்? யாருக்கு எவ்வளவு சேர வேண்டும்?

விடை: கஸ்பார் நாலாயிரமும் தர வேண்டும். முகம் வராமல் போயிருந்தால் இரண்டு வார உழைப்பின் நஷ்டம் முழுவதும் ஜெசிந்தாவின் தலையில்தான் விழுந்திருக்கும். அதிர்ஷ்டம் அடித்தபோது மட்டும் கணக்கை மாற்றக் கூடாது. லூர்தம்மாள் மனசார எடுத்துக்கொள்ளச் சொன்னவள், ஆகவே பாதி கேட்க வழியில்லை. ஆனாலும் அவளுக்கு ஒன்று சேர வேண்டும். முகத்தைக் கேட்ட ஜெசிந்தா அதன் விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லூர்தம்மாள் சும்மாவே கொடுத்திருப்பாளோ, பங்கு கேட்டிருப்பாளோ, அது அவள் இஷ்டம். அந்த இஷ்டத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு வரலாம். ஜெசிந்தா நாலாயிரத்தை வாங்கி, அதில் ஆயிரத்தை எடுத்து நீட்டி, "கேக்கும்போதே சொல்லிருக்கணும்க்கா" என்றாள். மடிப்பு எடுத்த கூலியையும் வாங்கவில்லை. லூர்தம்மாள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் முகம் போன படம் வந்தால் ஜெசிந்தா விலை சொல்வதற்கு முன், "இதுல கூட நின்னவுக யாரு? அவுக வீட்ல ஒரு படம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறாள். பாதிப் பேர் தேடி எடுத்துக்கொண்டு வந்து, நானூறு ரூபாயோடு வேலையை முடித்துக்கொண்டு போகிறார்கள்.