இரண்டாயிரத்து மூன்று நாரைகள்

வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரியில் இரண்டாயிரத்து மூன்று நாரைகள் இருந்தன. தெற்கே இருந்த சதுப்பு நிலத்துக்கு அவை உடனே போயாக வேண்டும். ஆனால் தலைவன் நெட்டையன் ஒரு நிபந்தனை போட்டது. கூட்டம் பல வரிசைகளாகப் பறக்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு நாரைகூட மிஞ்சக் கூடாது.

முதல் நாள் இரண்டு வரிசையாக நின்றன. ஒன்று மிஞ்சியது. மறுநாள் மூன்று வரிசை. இரண்டு மிஞ்சின. கால் ஊனமான தவிட்டான் மெதுவாக வந்து கடைசியில் நிற்கும். அதனால் மிஞ்சுவதில் அது எப்போதும் இருந்தது.

“நாளைக்கு நான்கு வரிசை” என்றது நெட்டையன்.

பொட்டுச்சி என்ற நாரைக்கு எரிச்சல் தாங்கவில்லை. “இரண்டாலேயே பிரியாதது நான்கால் எப்படிப் பிரியும்?”

நெட்டையன் கேட்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று நாளுக்கு ஓர் எண்ணாக நகர்ந்தது. ஏரி சேறானது. மீன்கள் செத்து மிதந்தன. நான் தனியாகப் பின்னால் வருகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று தவிட்டான் கெஞ்சியது. தலைவன் மறுத்துவிட்டது. வால்போல ஒருவன் தொங்கினால் மற்ற பறவைகள் சிரிக்குமாம்.

நாற்பத்து நான்கும் தோற்ற அன்று பொட்டுச்சி மறுபடி போய் நின்றது.

“இதோடு விட்டுவிடு. நாற்பத்தைந்தை நாற்பத்தைந்தால் பெருக்கினாலே நம் கூட்டத்தைவிடப் பெரிதாகிவிடும். அதற்கு மேலே ஓர் எண் சரியாக வர வேண்டுமானால், அதன் ஜோடி சிறிய எண்ணாக இருக்கும். சிறிய எண்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நம்முடையது பகா எண். ஒரே வரிசையாகப் போவோம்.”

ஒரே வரிசை தலைவனுக்கு அழகில்லை என்றது நெட்டையன். மறுநாள் நாற்பத்தைந்து வரிசை என்று அறிவித்தது. பொட்டுச்சி சேற்றைக் கொத்திக்கொண்டு திரும்பிப் போனது.

ஐம்பதாம் நாள் காலையில் தவிட்டான் எழுந்திருக்கவில்லை. பசியில் அதன் உயிர் போயிருந்தது.

நெட்டையன் எல்லோரையும் மறுபடி எண்ணியது. எண்ணி முடித்ததும் அதன் முகம் மலர்ந்தது.

“இரண்டாயிரத்து இரண்டு! இனி இரண்டாலும் பிரியும், ஏழாலும் பிரியும், பதினொன்றாலும் பிரியும். பதின்மூன்று வரிசையாக நில்லுங்கள். வரிசைக்கு நூற்றைம்பத்து நான்கு. ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள்.”

யாரும் நிற்கவில்லை. எல்லா நாரைகளும் தலைவனையே பார்த்துக்கொண்டிருந்தன. பொட்டுச்சி சிறகை விரித்துத் தெற்கே கிளம்பியது. அதன் பின்னால் முன்னும் பின்னுமாக, கலைந்து கலைந்து மொத்தக் கூட்டமும் எழும்பியது. காலி ஏரியில் நெட்டையன் மட்டும் சற்று நேரம் நின்றது. பிறகு அதுவும் தன்னந்தனியாகக் கடைசியில் பறந்தது.

வரிசை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைக் காத்திருக்க வைப்பவன் தலைவனாக இருக்கத் தகுதியற்றவன்.