“நிறுத்து” போய்ச் சேரும் நேரம்

சிவனணைந்தானுக்கு அன்று காலை தலைகால் புரியவில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று ஒரு மணி நேரம் அடங்கப்போகிறதாம். அதற்குள் காற்றாலையின் கடைசி இறக்கையைத் தூக்கி மாட்டிவிட வேண்டும். எண்பது மீட்டர் உயரத்தில் நின்று அதைக் கையால் பிடித்துப் பொருத்தப்போவது அவருடைய சொந்தத் தம்பி நயினார். நயினார் “நிறுத்து” என்றதும் கீழே கிரேன்காரர் நிறுத்த வேண்டும். இருவர் காதிலும் வயர்லெஸ் போன். போனுக்குப் பொறுப்பு சிவனணைந்தான்.

ஐம்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அவருக்குக் குரு ரெஜினா, முப்பதைக்கூடத் தாண்டாதவர்.

“மேடம், இனி ஒரு சொல்கூட சிதறாது.”

“எப்படி அண்ணாச்சி?”

“இதே வயர்லெஸ்லதான் ஆபீசுக்குக் கேமரா படமும் போகுதுல்லா? அந்த நெரிசல்ல பேச்சு துண்டுதுண்டா வருது. அதான், எல்லாச் சொல்லும் வந்து சேர்ற வரைக்கும் போன் மெஷினைக் காத்திருக்க வச்சு, வரிசையா குடுக்கச் சொல்லிட்டேன்.”

பாராட்டுவார் என்று பார்த்தால், ரெஜினா ஒரு போனை நீட்டினார்.

“கண்ண மூடிட்டு நேரா நடங்க. நான் இதுல சொன்னதும் நின்னுருங்க.”

இதென்ன கூத்து என்று நடந்தார். முழங்கால் தண்ணீர் டிரம்மில் நங்கென்று மோதியது. தள்ளி நின்று ரெஜினா முன்பே சொன்னது அப்புறம்தான் போனில் கேட்டது, “நில்லுங்க அண்ணாச்சி.” மணிமணியாக, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

அண்ணாந்து பார்த்தார். மேலே தம்பியின் மஞ்சள் தொப்பி தெரிந்தது.

நொண்டிக்கொண்டே ஓடினார். கேமராவை நிறுத்தினார். மெஷின் காத்திருக்கும் நேரத்தை இம்மியாகக் குறைத்தார். ஆபீசிலிருந்து போன் வந்தது, படம் வரவில்லையாம். “இன்னைக்கு வராது சார்,” என்று ரெஜினா வைத்துவிட்டார்.

இறக்கை ஏறியது. “கொஞ்சம் இற...” என்றது நயினாரின் குரல். “நிறு...” அவ்வளவுதான், கிரேன் அப்படியே நின்றது. சொல் புரியாவிட்டாலும் நிறுத்திவிடுவது கிரேன்காரர்களின் வழக்கம். பிறகு மறுபடி அசைந்தது. பொருந்தியது. கீழே ஒரே விசில். சிவனணைந்தானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மாட்டியாச்சு மேடம். ஆனா எத்தனை சொல் உதிர்ந்துபோச்சு, பாத்தீங்களா? அதையெல்லாம் என்ன செய்ய?”

“நயினார் இறங்கி வரட்டும் அண்ணாச்சி. உதிர்ந்ததையெல்லாம் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே சொல்லுவாரு.”