விழுங்காமல் பறந்த காகம்

அஞ்சனம் என்ற காகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் உயிர். அது குடியிருந்த காட்டின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்தபடி, ஓடு வேய்ந்த சிறிய தேவாலயம் ஒன்று இருந்தது. ஆராதனை முடிந்ததும் மலையடிவாரத்து மக்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிந்திய புட்டும், குழந்தைகள் பிய்த்துப் போட்ட தோசையும் அஞ்சனத்துக்குத்தான். அதனால் மணி அடிக்கும் முன்பே அது ஜன்னலோர இலுப்பை மரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பாட்டும் ஜெபமும் காதில் விழும். கண் மட்டும் சோற்றுத் தூக்குகளின் மேல் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வேதத்தைத் திறந்து எலியா தீர்க்கதரிசியின் கதையை வாசித்தார். நாட்டில் மழை பொய்த்துப்போன காலம். ஆண்டவர் எலியாவை ஓர் ஓடைக்கரையில் ஒளிந்திருக்கச் சொன்னார். அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? ஆண்டவர் காகங்களுக்குக் கட்டளையிட்டார். காகங்கள் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தன.

அஞ்சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று தோசையைக்கூட மறந்து காட்டுக்குப் பறந்தது.

"சங்கதி கேட்டீர்களா? எங்கள் இனம் வேதத்தில் இருக்கிறது!" என்று குளக்கரையில் வந்து கரைந்தது.

கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்த கீற்று என்ற அணில் நிமிர்ந்து பார்த்தது. "மெய்யாகவா, அக்கா?"

"மெய்யாகத்தான். ஒரு தீர்க்கதரிசிக்கே சோறு போட்டவர்கள் நாங்கள்."

"நீயா போட்டாய்?" என்று கேட்டது பஞ்சு என்ற முயல்.

"என் முன்னோர்கள். அம்மா வழியில்" என்றது அஞ்சனம்.

அதன் பிறகு காட்டில் அந்தப் பேச்சுத்தான். குளத்தில் முதலில் தண்ணீர் குடிப்பது அஞ்சனம். பழுத்த அத்தி மரத்தில் உச்சிக்கிளை அஞ்சனத்துக்கு. யாராவது முந்தினால், "தீர்க்கதரிசிக்குச் சோறு போட்ட குடும்பம், கொஞ்சம் வழி விடுங்கள்" என்று தொண்டையைக் கனைக்கும். மற்றவை சிரித்துக்கொண்டே வழி விட்டன.

தாழை என்ற வெள்ளை நாரைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அது சொல்லிவிட்டது. "கதையில் காகம் வந்தது சரிதான். ஆனால் நீ எதிரே வந்தாலே விடிந்த பொழுது மறுபடியும் இருட்டிக்கொள்கிறதே!"

குளக்கரையே சிரித்தது. அஞ்சனத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு தாழையிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. விடாமல் கொட்டியதில் ஆறு கரை புரண்டது. சூறைக்காற்றில் முறிந்த கிளை ஒன்று, கூடு திரும்பிக்கொண்டிருந்த தாழையின் சிறகில் மோதியது. தாழை தடுமாறி நடு ஆற்றில் இருந்த பாறையில் விழுந்தது. எழுந்து நிற்க முடிந்தது. பறக்க முடியவில்லை.

மழை விட்டபின் கீற்று மூச்சிரைக்க ஓடிவந்தது. அஞ்சனம் இலுப்பை மரத்தில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"அக்கா, தாழை பாறையில் கிடக்கிறது. வெள்ளம் சேறாக ஓடுகிறது. ஒரு மீன்கூட அதன் கண்ணுக்குத் தெரியாது. பசியில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது."

"அதற்கு நான் என்ன செய்ய?"

"எனக்கும் பஞ்சுவுக்கும் ஆற்றைக் கடக்க முடியாது. மயிலுக்கு அவ்வளவு தூரம் பறக்க வராது. கிளிகள் மழைக்கு முன்பே மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நீதான் இருக்கிறாய்."

"என் நிறத்தைச் சொல்லிச் சிரித்ததே, அது நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. நானும் கூடச் சிரித்தேன். தப்புத்தான், அக்கா" என்றது கீற்று.

அஞ்சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "எனக்கு இங்கே வேலை கிடக்கிறது. என் முன்னோர்கள் மேல் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன்."

கீற்று வெள்ளை மனத்தோடு கேட்டது. "அப்படியா? பாட்டில் பெயர் வர வேண்டுமே. அந்தக் காகங்களின் பெயர் என்ன?"

அஞ்சனம் யோசித்தது. உபதேசியார் வாசித்ததை மனதுக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தது. பெயர் இல்லை. எந்த மரத்துக் காகம், யார் பெற்ற பிள்ளை, எதுவும் இல்லை.

"பெயர் சொல்லவில்லை" என்றது.

"வேறு என்னதான் சொல்லியிருக்கிறது?"

"கொண்டுவந்து கொடுத்தன என்று இருக்கிறது." சொல்லும்போதே அதன் குரல் இறங்கிவிட்டது.

கீழே ஆறு இரைந்து ஓடியது. தூரத்துப் பாறையில் வெள்ளையாக ஒரு புள்ளி அசையாமல் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தப் புள்ளி அங்கே இருக்காது என்று அஞ்சனத்துக்குத் தோன்றியது. தோன்றிய பின் அதனால் அந்தக் கிளையில் உட்கார முடியவில்லை.

கரையோரப் பள்ளங்களில் வெள்ளம் விட்டுப்போன கெண்டை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அஞ்சனம் கொழுத்த மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. மீன் புதிது. மணம் மூக்கைத் துளைத்தது. பாதி ஆறு தாண்டுவதற்குள் பழக்கதோஷத்தில் தொண்டை தானாகத் திறந்தது. மீன் உள்ளே போய்விட்டது.

அஞ்சனம் வெறும் அலகோடு பாறையில் போய் இறங்கியது.

தாழை மெல்லக் கண்ணைத் திறந்தது. "நீயா? எங்கே வந்தாய்?"

"சும்மா... எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தேன்" என்றது அஞ்சனம். அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. உடனே திரும்பிவிட்டது.

கரையில் காத்திருந்த பஞ்சு ஆவலோடு ஓடிவந்தது. "கொடுத்துவிட்டாயா?"

"விழுங்கிவிட்டேன்."

பஞ்சுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அஞ்சனமும் சிரித்துவிட்டது. பிறகுதான் அதற்கு ஒன்று உறைத்தது. இறைச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஒரு காகம் விழுங்காமல் பறந்திருக்கிறது. ஒருநாள் அல்ல, காலையும் மாலையும். பஞ்ச காலத்தில், தன் வயிறும் காய்ந்திருக்கும்போது. இத்தனை நாளாக அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதிலிருந்த அற்புதம் இன்றைக்குத்தானே தெரிகிறது என்று நினைத்துக்கொண்டது.

அது கண்ணை மூடியது. "ஆண்டவரே, பாறை சேரும்வரை என் தொண்டையைக் கொஞ்சம் அடைத்து வையும்" என்று வேண்டிக்கொண்டது. காட்டில் யாரும் இதற்கு முன் அஞ்சனம் ஜெபித்துக் கேட்டதில்லை.

இந்த முறை மீனை அலகின் நுனியில் பிடித்துக்கொண்டது. எச்சில் ஊறியது. காற்று எதிரே அடித்தது. மீன் வாலை ஆட்டி ஆட்டி ஆசை காட்டியது. அஞ்சனம் பாறையை மட்டும் பார்த்துப் பறந்தது. இறங்கியதும் மீனைத் தாழையின் காலடியில் போட்டுவிட்டு, "சீக்கிரம் சாப்பிட்டுவிடு, என்னை நம்பாதே" என்றது.

தாழை அள்ளி விழுங்கியது. அஞ்சனம் மறுபடி போனது, மறுபடி வந்தது. வெயில் சாயும்வரை இதே வேலை. வழியில் இன்னும் ஒரு மீன் தவறி அதன் வயிற்றுக்குள் போனது உண்மைதான். மற்றதெல்லாம் தாழைக்குப் போய்ச் சேர்ந்தது.

கண்ணில் கொஞ்சம் உயிர் வந்ததும் தாழை கேட்டது. "அன்று உன் நிறத்தைப் பற்றி அப்படிச் சொன்னேனே. பிறகும் ஏன் வந்தாய்?"

எலியாவின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் வாய்க்காது. அஞ்சனம் வாயைத் திறந்தது. ஆனால் அந்தப் பேச்சு வரவில்லை.

"பசித்திருப்பாய் என்று வந்தேன்" என்றது.

தாழை நீண்ட கழுத்தை மடக்கித் தலையைக் குனிந்தது. "என்னை மன்னித்துக்கொள்."

"சரி, விடு. கறுப்பு என்றுதானே சொன்னாய், அது பொய் இல்லையே" என்றது அஞ்சனம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. அந்தப் பாறையில் அஞ்சனத்துக்கு இருந்த சந்தோஷம், குளத்தில் முதல் ஆளாகத் தண்ணீர் குடித்தபோதெல்லாம் இருந்ததில்லை.

தினமும் காலையில் மீன் போனது, மாலையிலும் போனது. கீற்றுவும் பஞ்சுவும் பள்ளங்களைத் தேடி, "இங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது" என்று கரையில் குதித்தன. வெள்ளம் வடிந்தது. சிறகும் கூடியது. ஒரு காலையில் தாழை பாறையை விட்டு எழும்பி, கோணல்மாணலாகப் பறந்து கரையில் வந்து இறங்கியது. காடே திரண்டுவிட்டது. மயில் தோகை விரித்தது. அன்று குளக்கரையில் பெரிய விருந்து. யார் முதலில் தண்ணீர் குடித்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சனம் ஜன்னலுக்கு நெருங்கிய கிளையில் உட்கார்ந்து உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவர் வாசித்தது, காணாமல்போன ஓர் ஆட்டை மேய்ப்பன் காடுமேடெல்லாம் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் சுமந்துவந்த கதை. அதில் காகம் இல்லை. கடைசிப் பாட்டு முடியவில்லை. தூக்குகளை யாரும் திறக்கவும் இல்லை. அதற்குள் அஞ்சனம் பறந்துவிட்டது.

"பஞ்சு, நம் காட்டில் யாரையாவது காணோமா?" என்று கேட்டது.

முயல் யோசித்தது. "காலையிலிருந்து ஆமையைப் பார்க்கவில்லை."

"நீயும் கீற்றுவும் புதர்ப்பக்கம் பாருங்கள். தாழை ஆற்றோரம் போகட்டும். நான் மேலே இருந்து பார்க்கிறேன்."

மேட்டுச் சரிவு ஒன்றின் அடியில் ஆமை மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் வானத்தைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தன. எல்லாரும் சேர்ந்து முட்டுக்கொடுத்துப் புரட்டி நிமிர்த்தினார்கள். ஆமை கழுத்தை நீட்டி ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு, "என்னைத் தேடியா வந்தீர்கள், இத்தனை பேரும்?" என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தது. தேவாலயத்து மரத்தடியில் யாரோ பாடிய பாட்டு காற்றில் வந்துகொண்டிருக்க, அதன் தாளத்துக்கு அஞ்சனம் கரைய, ஆமையை நடுவில் விட்டு எல்லாரும் அதன் நடைக்கே நடந்து வீடு திரும்பினார்கள்.

வேதத்தில் தன் பெருமையைத் தேடுகிறவருக்குக் கதை மட்டுமே கிடைக்கும். அது சொன்னபடி நடக்கிறவருக்கே அதன் மகிழ்ச்சி கிடைக்கும்.