எட்டு மாங்காய்ப் போர்வை

கொட்டாம்புளிப்பட்டிக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மூளை தாராளமாக இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பஞ்சு மெத்தை தைக்கிறவன் சொக்கலாண்டி. ஒத்தாசைக்கு அவன் பெண்டாட்டி அரியநாச்சியும் அவளுடைய தம்பி விருமனும். மூன்று பேரும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். சொல்லாததை ஒரு நூல்கூடச் செய்ய மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பண்ணைவீட்டு சௌந்தரத்தம்மாள் சொக்கலாண்டியைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் மகள் வடிவைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேன் ஏறுகிறாள். மலைக்குளிருக்கு ஒரு பஞ்சுப் போர்வை வேண்டும். வெள்ளைத் துணி, அதில் சிவப்பு நூலில் எட்டு மாங்காய். சொக்கலாண்டி அதுவரை நேர்கோட்டைத் தவிர எதையும் தைத்தவனில்லை. இருந்தாலும், கைக்குழந்தையிலிருந்து பார்த்த பிள்ளை போன இடத்தில் நடுங்கிக்கொண்டு கிடக்கக் கூடாதே என்று ஒத்துக்கொண்டான். அம்மாள் மாங்காய் வரைந்த பெரிய தாளைக் கொடுத்து, "இந்த மாங்காயைத் துணியில இறக்கிரு. அப்புறம் அது மேலேயே தையி" என்றாள்.

மறுநாள் போர்வைக்குப் பஞ்சு பரப்பி, துணி மூடி, ஓரம் தைத்து முற்றத்தில் விரித்தாயிற்று. இனி மாங்காயை இறக்க வேண்டும். மூன்று பேரும் தாளைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஏத்தாம எப்படி மச்சான் இறக்குறது?" என்றான் விருமன்.

ஞாயமான கேள்வி. ஏணி வைத்து, தாளோடு கூரைமேல் ஏறினார்கள். நாலு மூலையிலும் கயிறு கட்டினார்கள். காற்று வேறு அடித்தது. வேகமாக விட்டால் மாங்காய் அடிபட்டு வெம்பிவிடும் என்று அரியநாச்சி கீழே நின்று எச்சரித்ததால், விரற்கடை விரற்கடையாக விட்டார்கள். உச்சிப்பொழுதுக்குத் தாள் போர்வையில் வந்து அமர்ந்தது. ஓடிவந்து தாளைத் தூக்கிப் பார்த்தால் துணி வெள்ளையாகவே கிடந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு தடவை இறக்கிப் பார்த்தும் தாள்தான் இறங்கியது, மாங்காய் இறங்கவில்லை.

புதன்கிழமை சொக்கலாண்டி வெட்கத்தை விட்டு அம்மாளிடமே போய்க் கேட்டான். தாளை அடியில் வைத்து, அதற்கும் கீழே வெளிச்சம் காட்டினால் கோடு தெரியும், தெரிகிறதைப் பார்த்து வரைய வேண்டியதுதான் என்று அவள் சொல்லியனுப்பினாள். துணி மட்டும் இருந்தால் சரி. இவர்கள்தான் ஏற்கெனவே மூணு விரல் கனத்துக்குப் பஞ்சை அடைத்துவிட்டார்களே.

போர்வையை இரண்டு கட்டிலுக்கு நடுவே இழுத்துக் கட்டி, விருமனைத் தாளோடும் டார்ச் லைட்டோடும் அடியில் அனுப்பினார்கள். மேலே குனிந்து பார்த்த சொக்கலாண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது மச்சான்."

யாருக்குத் தெரியவேண்டும் என்று அம்மாள் சொல்லவில்லை. ஆகவே தெரிந்தவன் சொல்வது, தெரியாதவன் வரைவது என்று முடிவாயிற்று. இப்போது வளைகிறது, இப்போது மூக்கு வருகிறது, இங்கே காம்பு என்று விருமன் கீழேயிருந்து சொல்லச் சொல்ல, சொக்கலாண்டி துணிமேல் ஆள்காட்டி விரலால் வரைந்தான். எட்டு மாங்காயும் முடித்ததும் விரல் வீங்கிப்போயிற்று. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை காலை தைக்க உட்கார்ந்தால் ஒரு மாங்காய்கூட இல்லை.

"களவு போயிருக்கு" என்றான் சொக்கலாண்டி.

"எட்டுமா?" என்றாள் அரியநாச்சி.

"எட்டும்."

"பாவிப்பய, ஊறுகாய்க்கு ஒண்ணாச்சும் விட்டுவச்சிருக்கலாம்."

விடிந்தால் வேன் வந்துவிடும். சொக்கலாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரியநாச்சிதான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்கிற ஒரு பெண்ணிடம் வழி கேட்டாள். தாளில் கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்தவேண்டும், தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைக் கந்தலில் தொட்டுத் தாள்மேல் தேய்க்கவேண்டும், ஓட்டை வழியாக நீலம் இறங்கிப் புள்ளி புள்ளியாகக் கோடு விழும் என்று அவள் விளக்கினாள். "தாள் மட்டும் இம்மி அசையக் கூடாதுக்கா. அசைஞ்சா எல்லாம் போச்சு" என்றும் சொன்னாள். அரியநாச்சி வழி நெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டவரிடமும் அதைத்தான் சொன்னாள்.

குத்தினார்கள். விரித்தார்கள். தாள் அசையாமலிருக்க விருமனை நடுவில் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். சுற்றிலும் நீலத்தைத் தேய்த்தார்கள். சொக்கலாண்டி ஒரு மூலையை மயிரிழை அளவு தூக்கி எட்டிப் பார்த்தான். அடியில் நீல மாங்காய்க் காம்பு ஒன்று கிளிமூக்கு மாதிரி எட்டிப் பார்த்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி தாளை எடுத்துரலாமா?" என்று கேட்டான்.

"எடுக்கச் சொல்லி அவ சொல்லலையே. அசையக் கூடாதுன்னுதான் சொன்னா" என்றாள் அரியநாச்சி.

தாளோடு சேர்த்தே தைத்தார்கள். விருமனின் வேட்டி நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. ஊசி அதையும் சேர்த்துப் போய்வந்தது. நடுநடுவே சொக்கலாண்டி, குத்துகிறதா என்று விசாரித்தான். குத்துகிறது என்று விருமன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அப்படியானால் பஞ்சைத் தாண்டி ஊசி நன்றாக ஏறுகிறது என்று சொக்கலாண்டிக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை காலை போர்வையை மாட்டுவண்டியில் வைத்து, பண்ணைவீட்டு வாசலில் நாலு ஆள் பிடித்து இறக்கினார்கள். சௌந்தரத்தம்மாள் தாளைக் கிழித்தெடுத்துப் பார்த்தாள். ஓட்டம் பிசகாத எட்டு மாங்காய். அவளே அசந்துபோனாள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. நடுவுல இது யாருப்பா?"

"விருமன் தாயி. அசையாம இருக்கான்."

அம்மாள் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னாள். சொக்கலாண்டி குறுக்கே வந்து நின்றான். நூலை வெட்டினால் மாங்காய் போகும், வேட்டியை வெட்டினால் மாப்பிள்ளை மானம் போகும், எதை வெட்டுவது என்று தாயியே சொல்லட்டும் என்றான். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார். வேறு வழி தெரியாமல் அம்மாள் போர்வையை அப்படியே பின்சீட்டில் ஏற்றச் சொன்னாள். வடிவு சிரித்த சிரிப்பில் அழ மறந்துபோனாள்.

வேன் நகரும்போது விருமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மச்சான், அங்க குளிர் கடுமையா இருக்குமாமே. எனக்குப் போத்திக்க ஒண்ணுமில்லையே."

சொக்கலாண்டி வேன் மறையும்வரை நின்றான். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பஞ்சைப் பரப்பி, துணி மூடி, புதுத் தாளொன்றில் மாங்காய் வரைந்து, ஓட்டை குத்தி விரித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

அரியநாச்சி புடவையைச் சுற்றிலும் விரித்துக்கொண்டு, தாளின் நடுவில் ஏற்கெனவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.